ஊசி காட்டிய வெளிச்சம்

காமிராக்களைப் பற்றி எழுத எனக்கு யோக்யதை அதிகமில்லை. நாற்பது வருஷங்களில் நான் எடுத்தவற்றில் பிறருக்குக் காட்டும்படியான படங்கள் முப்பது தேறினால் அதிகம். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டர் காமிராக்களையும், அவற்றுக்குள் குடியிருக்கும் லைட் மீட்டர்களையும் இத்தனை காலமாக விடாமல் சந்தேகித்து வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சந்தேகத்துக்கு மூலம் ஒரு படம்.

1981, சித்திரை மாதம். இரவல் வாங்கிய ஒரு ஜப்பானியக் காமிரா. பெயர் அவசியமில்லை, தவறு அதனுடையதல்ல. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா வெள்ளைப் புடவையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு சுவரில் இன்னும் மங்கவில்லை. சட்டகத்தில் பாதிக்கு மேல் சுவரும் புடவையும்தான். காமிராவின் கண்ணாடிக்குள் ஊசி அசைந்து ஓர் எண்ணில் போய் நின்றது. அது நின்றதைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதி இப்போதும் ஞாபகமிருக்கிறது. இனி நான் செய்ய வேண்டியது எதுவுமில்லை என்ற நிம்மதி. “ஆச்சாடா?” என்றாள். “ஆச்சும்மா” என்றேன். ஒரே படம். அடுத்த ஆடியில் அம்மா போய்விட்டாள்.

பிரிண்டில் சுவர் சாம்பலாக இருந்தது. புடவையும் சாம்பல். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. நரைத்த மயிரின் விளிம்பும் ஒரு கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சமும் மட்டும் வந்திருந்தன. டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்தவரிடம் நெகட்டிவை எடுத்துக்கொண்டு போனேன். பொறுமையான மனிதர். நாலைந்து காகிதங்களை வீணாக்கி முயன்று பார்த்தார். பிறகு நெகட்டிவை விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினார். “மொகம் இருக்கற எடம் வெறும் கண்ணாடியா இருக்கு பாருங்க தம்பி. இதுல இல்லாதத நான் எங்கேருந்து கொண்டு வர்றது?”

நடந்தது என்ன என்று எனக்குப் புரியப் பல வருஷங்கள் பிடித்தன. கணக்கு என்னவோ சுலபமானதுதான். காமிராவில் பொருத்திய மீட்டர் அளப்பது, பொருளின் மேல் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தை. திரும்பி வருவது குறைந்தால், விழும் வெளிச்சமே குறைவா அல்லது பொருள் கறுப்பா என்று தெரிந்துகொள்ள அதற்கு வழியில்லை. ஆகவே அதற்குள் ஓர் அனுமானத்தை வைத்துத்தான் செய்திருக்கிறார்கள்: எதிரே உள்ளது எதுவாயினும் அது சராசரியில் ஒரு நடுத்தரச் சாம்பல். மீட்டர் செய்கிறவர்களுக்குள் சிறு பேதங்கள் உண்டு என்றாலும், புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை, விழும் ஒளியில் நூற்றில் 18 பங்கைத் திருப்பி அனுப்புவது. புதுச் சுண்ணாம்புச் சுவர் 72 பங்கு திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சாம்பலைப் போல் நாலு மடங்கு. மீட்டர் இதைச் சாம்பல் என்றே நினைப்பதால் ஒளியை நாலில் ஒரு பங்காகக் குறைக்கச் சொல்லும். அதாவது இரண்டு ஸ்டாப். எங்கள் அம்மாவின் நிறத்துக்கு 9 பங்கு என்று கொண்டால், அது முன்னமே சாம்பலுக்கு ஒரு ஸ்டாப் கீழே. ஆக மூன்று ஸ்டாப். முகம் கூரையின் நிழல் பக்கமாகத் திரும்பியிருந்ததற்கு இன்னும் ஒன்று சேர்த்துக்கொண்டால் ஃபிலிமில் எதுவும் பதியாத இடத்துக்கு வந்துவிடுகிறோம். ஸ்டுடியோக்காரர் காட்டிய வெறும் கண்ணாடி அதுதான்.

ஊசி பொய் சொல்லவில்லை. அது சுவரைப் பற்றிச் சொன்னது. அம்மாவைப் பற்றிச் சொல்கிறதாக நான் கேட்டுக்கொண்டேன்.

அமெரிக்காவில் ஆன்ஸெல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த முறை ஒன்று உண்டு. கரியிலிருந்து வெண்மை வரை நிறங்களைப் படிகளாகப் பிரித்து, நடுச் சாம்பலை ஐந்தாம் படியில் வைப்பார்கள். வெள்ளையர் முகத்தை ஆறாம் படியில் வை என்பது பாடம். எங்கள் வீட்டு முகங்களை நாலில் வைக்க வேண்டும் என்று நானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மீட்டரோ ஆறையும் நாலையும் ஐந்துக்கு இழுக்கிற யந்திரம். (கவிதைக்கும் இப்படி ஒரு மீட்டர் கையில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. யாப்பைச் சொல்லவில்லை. எதைக் கொடுத்தாலும் ஐந்தாம் படிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சரியாக இருக்கிறது என்பார்களே, அவர்களை.)

சொந்தமாக நான் வாங்கிய முதல் காமிரா கேனனெட் கியூஎல்17 ஜி-3. 1972இல் வந்த மாதிரி. பர்மா பஜாரில் பழசாகக் கிடைத்தது. 40 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 1.7 வரை திறக்கும். ஷட்டர் முழுக்க முழுக்க யந்திரம். மின்சாரம் மீட்டருக்கு மட்டும். லென்ஸைச் சுற்றிய வளையத்துக்குள்ளேயே மேல்பக்கத்தில் ஒரு சிறு கண். காட்மியம் சல்ஃபைட். வெளிச்சம் பட்டால் மின்தடை குறைகிற பண்டம். நீங்கள் வேகத்தை வைத்தால் அபர்ச்சரைக் காமிரா வைத்துக்கொள்ளும். எப்படி என்று கழற்றிப் பார்த்தபோது வியப்பாக இருந்தது. பொத்தானை அழுத்தும்போது உள்ளே ஒரு தகடு எழுந்து ஊசியைக் கவ்விக்கொள்கிறது. ஊசி எந்த இடத்தில் பிடிபட்டதோ அதைத் தொட்டு உணர்ந்து, எவ்வளவு திறப்பது என்று நெம்புகோல்கள் தீர்மானிக்கின்றன. குருடன் விரலால் முகம் பார்ப்பது போல. வெளிச்சம் போதாது என்று தோன்றினால் பொத்தானையே பூட்டிவிடும். இந்தச் சாமர்த்தியத்தை நான் பரிகசிக்கமாட்டேன். 1962இல் ஜான் க்ளென் பூமியைச் சுற்றியபோது அவர் கொண்டுபோனதும் இந்த ஜாதிதான். கடையில் வாங்கிய ஆன்ஸ்கோ ஆட்டோசெட், மினோல்டா ஹை-மாட்டிக்குக்கு அமெரிக்காவில் வைத்த பெயர். விண்வெளி உடுப்பின் கையுறைக்குள்ளிருந்து எண்களைத் திருகிக்கொண்டிருக்க முடியாது அல்லவா.

கேனனெட்டில் எனக்குப் பொறுக்காதது வேறு. வளையத்தைத் தானியங்கி என்ற இடத்திலிருந்து திருப்பி, அபர்ச்சரை நானே வைக்கிறேன் என்று சொன்னால், மீட்டர் அணைந்துவிடும். ஊசி கீழே விழுந்து கிடக்கும். யோசனை கேட்டுக்கொண்டு முடிவை நான் எடுக்கிறேன் என்கிற ஏற்பாட்டுக்கு அங்கே இடமில்லை. முழுதாக ஒப்படை, இல்லாவிட்டால் நீயே பார்த்துக்கொள். கோபித்துக்கொண்டு படுத்துவிடுகிற சம்பந்தி மாதிரி.

இதோடு அதன் மின்கலம். 1.35 வோல்ட் பாதரச மின்கலத்தை நம்பி அந்த மீட்டர் செய்யப்பட்டது. பாதரச மின்கலத்தின் குணம், உயிர் போகிற கடைசி நாள் வரை அதே வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டிருப்பது. அதனால்தான் அளவைக்கு அதை வைத்தார்கள். இன்று அது கிடைக்காது. கிடைக்கக் கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ஓர் ஆலை கழித்துவிட்ட பாதரசம் மீனுக்குள் போய், மீன் தின்றவர்களின் நரம்புக்குள் போயிற்று. யூஜீன் ஸ்மித் 1971இலிருந்து அங்கே தங்கிப் படமெடுத்தார். நோயுற்ற மகளைத் தாய் மடியில் ஏந்திக் குளிப்பாட்டும் படத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஊரின் பெயரில்தான் 2013இல் சர்வதேச ஒப்பந்தம் ஏற்பட்டது. உலகெங்கும் மீட்டர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த பொருளும் அதே பாதரசம்தான் என்பது அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு உறுத்தும்.

இப்போது அந்தக் குழிக்குள் 1.5 வோல்ட் ஆல்கலைன் மின்கலத்தைப் போட்டால் ஊசி தேவைக்கு மேல் எம்புகிறது. வெளிச்சம் அதிகம் என்று எண்ணிக் காமிரா அபர்ச்சரை மூடுகிறது. படம் இருள்கிறது. எந்தப் பக்கம் தவறக் கூடாதோ அந்தப் பக்கமே தவறுகிறது. காது கேளாதவர்களின் கருவியில் போடுகிற துத்தநாக–காற்று மின்கலத்தை ஒரு வளையம் வைத்துப் பொருத்தினால் ஏறக்குறைய பழைய அளவு வரும். ஆனால் அதன் தாளை உரித்த நாளிலிருந்து அதற்கு ஆயுள் கொஞ்சம்தான். ஃபிலிமின் ஏஎஸ்ஏ எண்ணைக் குறைத்து வைத்தும் ஏமாற்றலாம். ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கீவ் 4 எனக்கு வந்த வழி வேறு. நெய்வேலி அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தபோது வந்திருந்த என்ஜினீயர்களில் ஒருவர் ஊர் திரும்புகையில் கொடுத்துவிட்டுப் போனது என்று சொல்லி, அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எனக்குக் கொடுத்தார். வரிசை எண் 61 என்று தொடங்குகிறது. கீவ் காமிராக்களில் முதல் இரண்டு இலக்கங்கள் வருஷம். இந்தக் காமிராவின் பூர்வீகம் ட்ரெஸ்டன். ஸைஸ் ஐகான் 1936இல் செய்த கான்டாக்ஸ் III. யுத்தத்தில் ஜெர்மனி தோற்றதும் அச்சுகளும் கருவிகளும் நஷ்ட ஈடாகச் சோவியத் பக்கம் போய், கீவ் நகரின் அர்ஸெனல் ஆலையில் மறுஜன்மம் எடுத்தன. பித்தளைப் பட்டைகளைப் பட்டு நாடாக்களில் கோத்த ஷட்டர் மேலிருந்து கீழே உருண்டு இறங்கும். கடைக்கு நாம் போடுகிற ஷட்டரின் சின்ன உரு. வலது கையின் நடுவிரல் பழக்கதோஷத்தால் ரேஞ்ச்ஃபைண்டரின் ஜன்னலை மூடிக்கொள்ளும். விரலை மடக்கிப் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று.

அதன் தலையில் ஒரு திமில். திமிலின் முன்பக்கத்தில் ஒரு மூடி. மூடியைத் தூக்கினால் செலீனியம். இதற்கு மின்கலம் வேண்டாம். வெளிச்சம் பட்டால் தானே மின்சாரம் உண்டாக்கி ஊசியைத் தள்ளும். மேலிருக்கும் வளையத்தைத் திருகி ஊசியை ஒரு குறிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அப்போது இன்ன வேகத்துக்கு இன்ன அபர்ச்சர் என்று எண்கள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே வரும். 125க்கு எஃப் 8, 250க்கு எஃப் 5.6, இப்படி. அதோடு மீட்டரின் வேலை முடிந்தது. ஷட்டருக்கும் லென்ஸுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒரு ஜோடியைப் பொறுக்கி, நினைவில் வைத்துக்கொண்டு, கையால் கொண்டுபோய் வேறிரண்டு இடங்களில் வைக்க வேண்டும்.

இந்த இடைவெளிதான் எனக்குப் பிடித்துப்போயிற்று. எண்ணைப் படித்ததற்கும் வைப்பதற்கும் நடுவே மூன்று, நாலு விநாடிகள். அந்த நேரத்தில் எதிரே இருப்பவரை மறுபடியும் ஒருமுறை பார்த்துவிடுகிறோம். சுவர் வெள்ளையா, முகம் என்ன நிறம், இந்த எண் யாருடையது என்று ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. தொழில்நுட்பத்தில் பின்தங்கிய ஏற்பாடு, சந்தேகமில்லை. இதே இடைவெளியில் எத்தனையோ படங்களை இழந்துமிருக்கிறேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கிழவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். நான் வளையத்தைத் திருகி முடித்து நிமிர்ந்தபோது பஸ் கிளம்பிப் போயிருந்தது.

கீவைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறுபது வருஷத்துச் செலீனியம். காலப்போக்கில் அது பலம் குன்றும். என்னுடையது ஒரு ஸ்டாப் அளவுக்குச் சோர்ந்து போயிருப்பதை முதல் மூன்று ரோல்களுக்குப் பிறகு கண்டுகொண்டேன். நல்ல வெயிலை லேசான மேகமூட்டம் என்று நினைக்கிறது. ஆகவே வேண்டியதைவிட அதிக ஒளி விடச் சொல்கிறது. நானும் விட்டேன். கறுத்த முகங்கள் நன்றாக வந்தன. நெற்றிச் சுருக்கம், கன்னத்துக் குழி, கீழ் இமைக்கடியில் உள்ள கருமைக்கும் தோலின் கருமைக்கும் உள்ள வித்யாசம், எல்லாம். வெள்ளை வேட்டிகள் நெகட்டிவில் கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்தாலும் இருட்டறையில் கூடுதலாக ஒளி காட்டி இறக்கிவிட முடிந்தது. இல்லாததைக் கொண்டுவர முடியாது, அதிகமிருப்பதைக் குறைக்கலாம். ஸ்டுடியோக்காரர் சொன்னதன் மறுபாதி இது. சரியாக வேலை செய்த மீட்டர் என் அம்மாவைத் துடைத்துவிட்டது. பழுதான மீட்டர் ஊரார் முகங்களையெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு நான் தத்துவம் எதுவும் கற்பிக்கத் தயாரில்லை. செலீனியம் தேய்ந்த திசை தற்செயலாக எங்களுக்கு அனுகூலமான திசை, அவ்வளவுதான்.

ஓவியரான என் நண்பர் ஒருவர் லைகா எம்6 வைத்திருக்கிறார். 1984இல் வந்த மாதிரி. அதன் ஷட்டர் திரையின் நடுவில் 12 மில்லிமீட்டருக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. லென்ஸ் வழியாக வந்து அந்தப் பொட்டில் விழும் வெளிச்சத்தை ஒரு சிலிக்கன் கண் பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக்குள் இரண்டு சிவப்பு அம்புகள். ஒன்று எரிந்தால் வளையத்தை அது காட்டும் பக்கம் திருப்ப வேண்டும். இரண்டும் எரிந்தால் சரி. மின்கலம் செத்தாலும் காமிரா சாகாது. எல்லா வேகமும் வேலை செய்யும். கேனனெட்டைப் போல் கோபித்துக்கொள்வதும் இல்லை. சொல்லும், அதற்கு மேல் நம் இஷ்டம். மூன்றில் மிகவும் நியாயமான மீட்டர் அதுவே என்று நண்பர் வாதாடுவார். நான் மறுக்கவில்லை. ஆனால் அது எண் சொல்வதில்லை. பக்கம் மட்டும் சொல்கிறது. எவ்வளவு தூரம் தவறியிருக்கிறோம் என்பதைச் சொல்லாமல், தவறா சரியா என்று மட்டும் சொல்வதால், இரண்டு அம்புகளையும் எரியவைப்பதே காரியமாகிவிடுகிறது. ஒரு நாள் முழுக்க இரவல் வாங்கி வைத்திருந்தேன். மாலையில் யோசித்துப்பார்த்தபோது, பார்த்த முகங்களைவிட அம்புகள்தாம் அதிகம் நினைவில் இருந்தன.

லைகாக்காரர்களுக்கே இதில் நெடுநாள் குழப்பம் இருந்ததாக எனக்குப் படுகிறது. 1954இல் வந்த எம்3இல் உள்ளே மீட்டர் இல்லை. வேண்டுமானால் தலையில் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். 1971இல் எம்5இல்தான் முதன்முதலாக மீட்டரை உள்ளே வைத்தார்கள். லென்ஸுக்குப் பின்னால் ஒரு சின்னக் கை, அதன் நுனியில் கண். படமெடுக்கும் கணத்தில் கை மடங்கி வழிவிடும். அழகான யோசனை. ஆனால் காமிரா பெருத்துவிட்டது. வாங்குவோர் முகம் சுளித்தார்கள். சில வருஷங்களில் அதை நிறுத்திவிட்டு, மீட்டரே இல்லாத எம்4க்குத் திரும்பிப் போனார்கள். பார்வை வந்த ஒன்று மறுபடியும் குருடாகத் தீர்மானித்த விசித்திரம் காமிராச் சரித்திரத்தில் அதிகமில்லை.

மீட்டரில்லாத லைகாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர் திருவண்ணாமலையை இழுப்பார். 1950 ஏப்ரலில், ரமணரின் கடைசி நாட்களில், ஹென்றி கார்த்தியே-ப்ரெஸோன் அங்கே இருந்து படமெடுத்திருக்கிறார். மகரிஷி உயிர் நீத்த இரவும் அங்கேதான் இருந்தார். கறுத்துச் சோர்ந்த உடம்பு, வெள்ளைக் கௌபீனம், உள்ளே மங்கின வெளிச்சம், வெளியே சித்திரை வெயில். எந்த மீட்டரும் திண்டாடுகிற நிலைமை. அந்தக் காமிரா அவருக்கு எதுவும் சொல்லியிருக்க முடியாது. “அவர் எப்படி எடுத்தார்?” என்று நண்பர் கேட்பார், கேள்வியே பதில் என்பது போல. பல்லாயிரம் முறை செய்து கையில் ஏறிய பழக்கம் என்பேன் நான். எனக்கும் அது ஏறியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை.

ஏறாததால் ஒரு குறுக்கு வழி வைத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளங்கை. எடுக்கப்போகிறவர் இருக்கும் அதே வெளிச்சத்தில் உள்ளங்கையை நீட்டி, மீட்டரை அதன் கிட்டே கொண்டுபோய்ப் படித்து, ஒரு ஸ்டாப் கூட்டித் திறந்தால் போதும். உள்ளங்கை சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளுப்பு. முகம் எவ்வளவு கறுத்தாலும் உள்ளங்கைகள் ஒன்றுக்கொன்று அதிகம் வித்யாசப்படுவதில்லை. புத்தகங்களில் உள்ள யுக்திதான். 1981இல் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு எழுபத்து நாலு வயது. அம்மாவின் நெற்றி, அம்மாவின் நிறம், உட்காரும்போது இடது முழங்காலைக் கையால் பிடித்துக்கொள்வதும் அம்மாவைப் போலவே. அதே திண்ணையில் உட்காரச் சொன்னேன். சுவரில் இப்போது சுண்ணாம்பு இல்லை. அக்காவின் பிள்ளை பச்சை டிஸ்டெம்பர் அடித்துவைத்திருக்கிறான். பார்த்ததும் சிரிப்பு வந்தது. சரியான நடுச் சாம்பல். எந்த மீட்டரை நம்பியிருந்தாலும் சரியாக வந்திருக்கும். ஆனாலும் கீவின் மூடியைத் திறந்துகொண்டு கிட்டே போய், “கையைக் காட்டுக்கா” என்றேன்.

“ஏன், ரேகை பாக்கப் போறியா?” என்றாள். நீட்டினாள்.

வளையத்தைத் திருகி ஊசியைக் குறிக்குக் கொண்டுவந்தேன். 125க்கு எஃப் 8. உள்ளங்கைக்காக ஒன்று கூட்டினேன். செலீனியத்தின் சோர்வுக்காகக் கழிக்க வேண்டியதைக் கழிக்கவில்லை. எஃப் 5.6இல் நாலு படங்கள் எடுத்தேன். நாலாவதில் அவள் எழுந்துவிட்டாள், அடுப்பில் பால் வைத்திருந்தாள்.

அந்த ரோலில் இன்னும் பதினோரு படங்கள் பாக்கியிருக்கின்றன.